அள்ளுவதற்கு முன் அளந்து பாருங்கள்: சேலத்து வண்டல் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத்துறை, வேளாண்மைத் துறை, வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கோடை பிறந்தால் தூர்வாரும் ஆணைகள் வருகின்றன. ஏரியின் பெயர், எத்தனை கனமீட்டர், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த மண் எங்கிருந்து வந்தது, ஏரிக்குள் எந்த இடத்தில் எவ்வளவு கனத்துக்குப் படிந்திருக்கிறது, எந்த ஆழத்தோடு நிறுத்த வேண்டும், எடுத்ததை எந்த வயலில் போடலாம், எதில் போடக் கூடாது என்பவை இருக்காது. லோடு கணக்கை வைத்தே வேலை முடிந்ததாகக் கணக்கெழுதுகிறோம். அடுத்த ஆணையில் இவையும் இடம்பெற வேண்டும் என்று கேட்கத்தான் இம்மடல்.

சேலம் டெல்டா அல்ல. ஆனால் டெல்டாவின் தண்ணீரும் மண்ணும் நம் மாவட்டத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி தொப்பையாறாக மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் விழுகிறது. இன்னொரு பகுதி சரபங்காவாகவும் திருமணிமுத்தாறாகவும் ஓடி, அணைக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. ஆத்தூர்ப் பக்கத்து நீர் வசிஷ்ட நதி வழியாக வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆகவே ஏற்காட்டுச் சரிவில் கரையும் மண்ணில் ஒரு பங்கு மேட்டூரில் முடங்குகிறது, ஒரு பங்கு நம் ஏரிகளில் படிகிறது, மிச்சம் காவிரியோடு கீழே இறங்குகிறது. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதலில் மேட்டூர். 1934-இல் திறந்தபோது முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டிஎம்சி. தொண்ணூறு ஆண்டுகள் ஆன பிறகும் தினசரி அறிக்கையில் அதே 93.47-தான் வருகிறது. அணைக்குள் மண் சேர்ந்திருப்பதை யாரும் மறுப்பதில்லை. அதனால்தான் 2017 மே மாதம் அணையில் வண்டல் எடுக்கும் பணியை அரசே தொடங்கியது. அது நல்ல முடிவு. ஆனால் அதனால் அணையின் கொள்ளளவு மீளும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கனஅடி, அதாவது 2 கோடியே 83 லட்சம் கனமீட்டர். மூன்றரை யூனிட் (யூனிட்டுக்கு 100 கனஅடி) பிடிக்கும் டிப்பர் லாரியில் ஏறக்குறைய 10 கனமீட்டர் ஏறும். ஒரு டிஎம்சி மண்ணை அகற்ற 28 லட்சம் லோடு வேண்டும். நாளொன்றுக்கு 1,000 லோடு போனாலும் 2,830 நாள். பண்ணவாடி, மூலக்காடு பக்கம் லாரி இறங்கும் அளவுக்குப் படுகை காய்வது, நீர்மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் மட்டும்; அதிலும் கோடையில் சுமார் 60 நாள் கிடைத்தால் பெரிது. அப்படியானால் ஒரே ஒரு டிஎம்சிக்கு 47 ஆண்டுகள். அதற்குள் எத்தனை மண் புதிதாக வந்து சேரும் என்பது வேறு கணக்கு.

இலவச வண்டலுக்கு இப்போதுள்ள வரம்பு நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்ப் பாசனப் பரப்பான 45,000 ஏக்கருக்கும் ஒரு சென்ட் விடாமல் நஞ்சை அளவில் கொடுத்தாலும் 33 லட்சத்து 75 ஆயிரம் கனமீட்டர்தான் ஆகும். அது ஒரு டிஎம்சியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எனவே மேட்டூர் வண்டலை வயலுக்கு உரமாகக் கொடுங்கள், அதில் தடையில்லை. அணையை ஆழப்படுத்தும் திட்டம் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயர் இருக்கும்வரை, மேலே மண்ணைத் தடுக்கும் வேலைக்குப் பணம் வராது.

அணையின் அடிமதகைத் திறந்து வண்டலைக் கழுவிவிடலாமே என்றொரு யோசனையும் அவ்வப்போது கிளம்பும். நீர்மட்டத்தை அடிவரை இறக்கினால்தான் கழுவல் வேலை செய்யும். அப்போதும் மதகுக்கு நேர்எதிரே ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் மண் அரிக்கும். பக்கவாட்டில் கிடப்பது அப்படியே கிடக்கும். வெளியேறும் சேறு செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி கதவணைகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடையும். வழியில் இருக்கும் குடிநீர்த் திட்டங்களின் உறிஞ்சு கிணறுகளை அடைக்கும். இதை நாங்கள் கேட்கவில்லை.

மேட்டூரில் நாங்கள் கேட்பவை இரண்டு. நீர்த்தேக்கத்தின் அடிப்பரப்பைப் படகிலிருந்து ஒலியலைக் கருவியால் அளந்து, ஒவ்வொரு அடி நீர்மட்டத்துக்கும் இன்றைய கொள்ளளவு எவ்வளவு என்ற அட்டவணையைப் பொதுவில் வையுங்கள். மண் அடியில் மட்டும் படிவதில்லை. வெள்ளம் நுழையும் தலைப்பகுதியில், ஒகேனக்கல்லுக்குக் கீழே, கனமான மணல் பாசனத்துக்குப் பயன்படும் மட்டத்திலேயே இறங்கிவிடும். மென்களி அணைச்சுவர்வரை வரும். எந்த மட்டத்தில் எவ்வளவு இழந்தோம் என்று தெரியாமல் டெல்டாவுக்கு நாள் கணக்கில் தண்ணீர் பங்கிடுவது, பழைய பட்டாவை வைத்துப் புது வரப்பு போடுவது போன்றது. கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சிக்கு, எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஒவ்வொரு கனஅடியாகக் கணக்குக் கேட்கிறோம். அதே தண்ணீரை வைக்கும் பாத்திரத்தின் அளவையும் அதே கறாரோடு பார்க்க வேண்டும்.

அடுத்தது வெள்ளக் காலத்தில் வைக்கும் வெற்றிடம். முழுக் கொள்ளளவில் அணையின் நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அந்த மட்டத்தில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 1.6 டிஎம்சி பிடிக்கும். மேல் 5 அடியைக் காலியாக வைத்தால் சுமார் 8 டிஎம்சி இடம் கிடைக்கும். விநாடிக்கு 2 லட்சம் கனஅடி வரும்போது, அந்த இடத்தை வைத்து 1.5 லட்சம் மட்டும் கீழே விட்டால் ஏறக்குறைய இரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம். பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையத்தின் ஆற்றோர வீடுகளைக் காலி செய்ய அந்த இரண்டு நாள் போதும்.

“8 டிஎம்சியை வீணாக்கவா?” என்று டெல்டா விவசாயி கேட்பார், கேட்க வேண்டும். அதனால் எல்லா ஆண்டும் 115 அடியில் நிறுத்தச் சொல்லவில்லை. கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, குடகிலும் வயநாட்டிலும் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே இறக்குங்கள். அந்த நிலையில் திறந்துவிட்ட 8 டிஎம்சி ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையைத் தொட மூன்று, நான்கு நாள் ஆகும். இங்கே எடுக்கும் முடிவு அங்கே நான்காம் நாள் மழையோடு சேர்ந்து விழும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் நான்கு நாள் வானிலையைப் பார்க்காமல் மேட்டூர் மதகைத் தொடக் கூடாது. 120 அடி தொட்டதும் பூத்தூவி வரவேற்பது நம் வழக்கம். ஆடிக்கு அது சரி. கார்த்திகையில் அதே 120 அடி அவ்வளவு கொண்டாட்டத்துக்கு உரியதல்ல.

ஏரிகளுக்கு வருவோம். இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் தன் கையாலேயே திருத்தக்கூடியதும் இதுதான்.

ஏரிக்குள் மண் ஒரே சீராகப் படிவதில்லை. ஓடை நுழையும் முகத்தில் நீரின் வேகம் சட்டென்று குறையும். பரலும் பருமணலும் அங்கேயே இறங்கிவிடும். நடு ஏரியில் பொடிமணலும் வண்டலும் கலந்து கிடக்கும். கரையோரத்தில், மதகடியில் சுத்தமான களி. தூர்வாரும் பொக்லைன் இந்த வரிசையை மதிப்பதில்லை. லாரி எளிதில் இறங்கும் இடத்தில், பெரும்பாலும் கரைக்குப் பக்கத்தில், செங்கல் சூளைக்கு ஏற்ற களி கிடைக்கும் இடத்தில் தோண்டுகிறது. அதனால் மூன்று கேடுகள் வருகின்றன.

முதற்கேடு கரைக்கு. உள்சரிவின் அடியை ஒட்டித் தோண்டினால், ஏரி நிரம்பி இறங்கும்போது ஈரமேறிய கரை அந்தக் குழிக்குள் சரியும். கரையின் உள்சரிவு முடியும் இடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் விட்டே தோண்ட வேண்டும். தோண்டும் விளிம்பும் செங்குத்தாக நிற்காமல், ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் கிடைமட்டம் என்று சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்துக் குழிகளில் கால்நடைகளும் குழந்தைகளும் மூழ்குவது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

அடுத்த கேடு பாசனத்துக்கு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய இடத்தில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. கணக்கில் கொள்ளளவு கூடியதாகக் காட்டலாம். நஞ்சைக்கு ஒரு சொட்டும் கூடாது. மீனுக்கும் மாட்டுக்கும் ஆகும் என்றால் ஏரியின் ஒரு மூலையில் மட்டும் ஒரு மடுவை வெட்டி, அதை வரைபடத்தில் குறித்து வையுங்கள். மற்ற இடங்களில் மதகு மட்டமே எல்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. பழைய ஏரிகளின் அடியில் பல காலமாகப் படிந்த களிப்படலம் ஒரு பூச்சாக இருந்து தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துச் சுக்கானோ சிதைந்த பாறையோ வெளியே தெரியும்வரை தோண்டிவிட்டால், நிரம்பிய ஏரி தை மாதத்துக்குள் வற்றிவிடும். சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஏறும், மதகுப் பாசனம் போகும். இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. சில ஊர்களில் கிணற்றுப் பாசனமே பெரிது. ஆனால் எது மதகு ஏரி, எது கசிவு ஏரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து ஆணையில் எழுதுங்கள். மதகு ஏரியில் பூர்வ அடிமட்டத்துக்கு மேலே ஒரு சாண் களியை விட்டுவிட்டு நிறுத்துங்கள். பூர்வ அடிமட்டத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. 50 மீட்டருக்கு ஒன்றாகச் சோதனைக் குழி போட்டால், நிறம் மாறும் இடமும், பழைய வேரும் பரலும் தெரியும் இடமும் காட்டிக்கொடுக்கும். அந்தக் குழிகளின் ஆழத்தை ஒரு தாளில் எழுதினால் அதுவே மதிப்பீடு. ஒரு ஏரிக்கு இரண்டு நாள் வேலை. இதைச் செய்யாமல் கனமீட்டர் எண்ணிக்கை எழுதுவது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை.

இனி, தூர்வாரிய ஏரி மூன்றே மழையில் மறுபடி மேடாவதைத் தடுக்கும் வழி. ஓடை ஏரிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு மண் படுகுழி வெட்ட வேண்டும். கணக்கு எளிது. 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் நிற்கும் நீரில் விநாடிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு மீட்டர் ஆழம் இறங்க 50 விநாடி. ஓட்டத்தின் வேகத்தை விநாடிக்கு 30 சென்டிமீட்டராகக் குறைத்தால், அந்த 50 விநாடியில் தண்ணீர் 15 மீட்டர் நகரும். சுழிப்பு இருக்கும் என்பதால் இரட்டிப்பாக 30 மீட்டர் நீளம் வையுங்கள். விநாடிக்கு 100 கனஅடி அளவு வெள்ளம் வரும் ஓடைக்கு 10 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் போதும். படியும் மண்ணுக்கு இடம் வேண்டும் என்பதால் அதற்கும் கீழே இன்னொரு மீட்டர் வெட்டுங்கள். அந்தக் கீழ்ப்பாதியில் பிடிப்பது 300 கனமீட்டர், டிப்பர் லாரியில் 30 லோடு. ஆடிக்கு முன்பு ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை ஊராட்சியே அள்ளிவிடலாம். ஏரி முழுவதையும் தூர்வாரும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல.

படுகுழி எல்லாவற்றையும் பிடித்துவிடாது; பிடிக்கவும் கூடாது. 0.02 மில்லிமீட்டர் வண்டல் ஒரு மீட்டர் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆகும். அது தாண்டி ஏரிக்குள் போய்ப் படியட்டும். வயலுக்கு வேண்டியது அதுதான். மணலும் பரலும் முகத்திலேயே நின்றுவிட்டால் ஏரிக்குள் படிவது முழுக்க நல்ல வண்டலாக இருக்கும், அள்ளவும் ஆள் வருவார்கள். படுகுழியில் நிறையும் மணலை வெளியே விற்க வழியிருந்தால் ஒரே ஆண்டில் அது மணல் குவாரியாகிவிடும் என்பதால், அந்த ஊராட்சியின் சொந்த வேலைக்கு மட்டும் என்று ஆணையிலேயே கட்டிவையுங்கள்.

சரபங்கா உபரிநீர்த் திட்டத்தில் மேட்டூர் உபரியைப் பெறும் 100 ஏரிகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். குழாய் வழியே வருவது அணையில் மண்ணை இறக்கிவிட்டு வரும் தெளிந்த நீர். அது ஏரியை மேடாக்காது. அந்த ஏரிகளை மேடாக்குவது அவற்றின் சொந்த ஓடைகள்தான். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று ஓடையையும் நீர்வரத்து வாய்க்காலையும் கைவிட்டால், அவை ஆக்கிரமிப்புக்குப் போகும். பெருமழையில் வெள்ளம் ஊருக்குள் திரும்பும்.

வயலுக்குப் போகும் மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சேலம் மாநகரத்தின் வழியே ஓடும் திருமணிமுத்தாற்று நீர் படும் ஏரிகளில் சாயக் கழிவும், வெள்ளிப் பட்டறைகளின் அமிலக் கழிவும், சாக்கடையும் பல காலம் கலந்திருக்கின்றன. அந்தக் களி கறுப்பாக, கொழுப்பாகத் தெரியும். வண்டல் என்று வாரிப் போட்டால் கன உலோகம் நெல்லுக்குள் ஏறும். உப்பு, கார அமில நிலை, கன உலோகம் மூன்றும் சோதித்து முடிவு கைக்கு வந்த பிறகே அனுமதி கொடுங்கள். அதேபோல் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதிகளின் கழிவு மேடுகளிலிருந்து வடியும் ஓடைகளில் மக்னீசியம் மிகுந்த களி வரும். அது நனைந்தால் பசை, காய்ந்தால் கல், நீர் உள்ளிறங்காது. தவறிப் போட்டுவிட்ட வயலில் ஜிப்சம் இட்டுத் தண்ணீர் கட்டி வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மேடுகளின் அடியில் வடிகுட்டை வெட்டுவதைக் கனிமவளத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

நல்ல வண்டலும் எல்லா நிலத்துக்கும் ஆகாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் நிற்பது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் நிற்பது வண்டல். மறுநாள் மேலே படிவது களி. மணல் பாதிக்கு மேல் இருந்தால் லாரி வாடகைக்குக் கட்டுப்படியாகாது. களி மிகுந்ததைச் செம்மண் புஞ்சையில் போட்டால் ஈரம் நிற்கும். ஏற்கெனவே களியான நஞ்சையில் போட்டால் வடிகால் கெடும். மரவள்ளிக்குக் களி ஆகாது, கிழங்கு அழுகும். நிலக்கடலையில் காய் பறிப்பது திண்டாட்டமாகும். வேளாண்மை உதவி அலுவலர் ஒருவர் ஏரிக்கரையில் நின்று இந்தப் புட்டிச் சோதனையைச் செய்து காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மலைக்குப் போவோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சரிந்த மண்ணைச் சாலையிலிருந்து அகற்ற எளிய வழி, பொக்லைனால் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடுவது. சாலை அன்றைக்கே திறந்துவிடும். தள்ளிய மண் அடுத்த மழையில் ஓடை வழியே கன்னங்குறிச்சிப் பக்கம் இறங்கி, புதுஏரி, மூக்கனேரி என்று வரிசையாகப் படியும். அகற்றிய மண்ணை லாரியில் ஏற்றிச் சமதளத்தில் கொட்ட வேண்டும் என்பதை நெடுஞ்சாலைத் துறை தன் ஒப்பந்தத்தில் தனி இனமாகச் சேர்க்கட்டும். செலவு கூடும்தான். அந்தச் செலவைத் தவிர்த்தால் அது ஏரித் தூர்வாரும் கணக்கில் வேறு துறையின் பையிலிருந்து போகும், அவ்வளவே.

மலை ஓடைகளில் பெரிய தடுப்பணை ஒன்றைக் கட்டுவதைவிட, தலைப்பு ஓடைகளில் சிறு கல்தடுப்புகள் பலவற்றைப் போடுவது மேல். உயரம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பு சமமாக இருந்தால் வெள்ளம் பக்கக் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். பெரும்பாலான கல்தடுப்புகள் தோற்பது இந்த ஒரே காரணத்தால். இருபுறமும் கரைக்குள் அரை மீட்டர் புதைய வேண்டும். கீழே விழும் நீர் அடியைத் தோண்டாதபடி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும். கீழ்த்தடுப்பின் தலைமட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி இடைவெளி விடுங்கள். நூற்றுக்குப் பத்து சரிவில் ஒரு மீட்டர் தடுப்புகளுக்கு 10 மீட்டர். சிமெண்ட் வேண்டாம். இவை மண்ணால் நிறைந்துவிட்டால் கெட்டுப்போயின என்று எண்ணி இடித்துத் திரும்பக் கட்டும் ஒப்பந்தம் வேண்டாம். கல்தடுப்பு நிறைவதே அதன் வேலை. ஓடையின் சரிவு படிப்படியாகத் தணிந்துவிட்டது என்று பொருள். ஆற்றுத் தடுப்பணை நிறைந்தால்தான் தோல்வி.

அடிவாரத்தில் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும்வரை மரவள்ளியை விடச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். நட்டு மூன்று மாதம் வரை இலை மூடாமல் நிலம் வெறுமையாகக் கிடக்கும்; அறுவடையில் செடியைப் பிடுங்கும்போது மண் முழுதும் கிளறப்படும். சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால் ஒவ்வொரு பாரும் ஒரு வாய்க்கால்தான். குறுக்காகப் பார் பிடித்து, இடையில் உளுந்தோ சின்ன வெங்காயமோ போட்டு, சரிவில் ஒரு மீட்டர் இறங்குவதற்கு ஒரு வரிசை வெட்டிவேர் வைத்தால் மண் நிற்கும். வெட்டிவேர் நாற்றுக்கும் நடவுக்கும் மானியம் கொடுத்தால் செய்வார்கள். அறிவுரைத் துண்டறிக்கை கொடுத்தால் செய்யமாட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். டெல்டாவுக்கு மண் போகவில்லை என்று வருந்திவிட்டு, சேலத்தில் மண்ணைப் பிடிக்கச் சொல்கிறீர்களே? வருத்தம் நியாயமானது. மேட்டூருக்கு முன்பு ஆடி வெள்ளம் கொண்டுவந்த வண்டல் தஞ்சை வயலுக்கு ஆண்டுதோறும் கிடைத்த உரம். இன்று அதற்குப் பதில் மூட்டையில் வாங்குகிறார்கள். அணையில் மண்ணை இழந்த தெளிந்த நீருக்குச் சுமை இல்லை. அது ஆற்றின் அடியை அரித்து அந்தச் சுமையை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். மணலை அள்ளியும் விட்டால் படுகை தாழும், வாய்க்கால் தலைமதகுகள் உயரத்தில் நின்றுவிடும், பாலங்களுக்கும் கதவணைகளுக்கும் அடித்தளம் வெளியே வரும். முக்கொம்பில் 1836-இல் கட்டிய கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் போயின. கடல்முகத்தில் வண்டல் வராத டெல்டா மெல்லத் தாழும், உப்புநீர் ஏறும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய சட்டம் எண்ணெய்க் கிணற்றைத் தடுக்கிறது. மண் வரத்தைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் பதில் இதுதான். மலையிலும் மேட்டு நிலத்திலும் பிடிக்கச் சொல்வது பயிருக்குரிய மேல்மண்ணை. ஆற்றுக்குள் வந்துவிட்ட மண்ணைப் போகவிட வேண்டும். மேட்டூருக்குக் கீழே காவிரிக்கு மண் கொண்டுவரும் சில ஆறுகளில் சரபங்காவும் திருமணிமுத்தாறும் உண்டு. இவற்றின் குறுக்கே இனிக் கட்டும் ஒவ்வொரு தடுப்பணைக்கும் தரைமட்டத்தில் அடிமதகு வையுங்கள். முதல் வெள்ளத்தில் அதைத் திறந்துவிட்டு, ஓட்டம் தெளிந்ததும் மூடுங்கள். அடிமதகு இல்லாத தடுப்பணை மண் நிறைந்ததும் வெறும் படிக்கட்டுதான்.

மண்ணைவிடத் தண்ணீரை மிச்சம் பிடிப்பது எளிது. அதைக் கால்வாய்ப் பாசனத்தில் தொடங்கலாம். கிழக்கு, மேற்குக் கால்வாய்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாளுக்குச் சுமார் 9.5 டிஎம்சி விடப்படுகிறது. 45,000 ஏக்கரில் அதைப் பரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம்; வழிக்கசிவையும் சேர்த்து. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்த்தால் இதில் கணிசமாக மிஞ்சும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அகலமான பிவிசி குழாயின் கீழ் 20 சென்டிமீட்டரில் சுற்றிலும் துளையிட்டு, 10 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நடவு முடிந்து இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை மட்டும் வயல் காயக் கூடாது. குழாயை வரப்போரத்தில் வைத்தால் அளவு பொய் சொல்லும். வயலின் சராசரி மட்டத்தில் வையுங்கள்.

இத்தனையும் விவசாயிக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? அடுத்த முறை தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. வரும்போது வரப்பு வழிய நிரப்பிக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. எனவே குழாயை இலவசமாகக் கொடுப்பதற்கு முன்னால், கிளைவாய்க்கால் வாரியாக முறைத் தேதிகளைப் பருவம் தொடங்குமுன் அறிவித்து, அதில் மாறாமல் நில்லுங்கள். ஒரு பருவம் தேதி தவறாமல் தண்ணீர் வந்தால், குழாயை அவரே வாங்கிக்கொள்வார்.

டெல்டாவின் தாழ்வான வயல்களுக்குச் சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும். ஆனால் அது தூர்கட்டும் பருவத்துக்கு மட்டும். பூக்கும்போது மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது. வெள்ளம் வடிந்த உடனே யூரியா இடுவதும் வீண். வேர் மீண்டும் வெள்ளையாக ஓடத் தொடங்கிய பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவதுதான் வேளாண்மைத் துறையின் பரிந்துரை. மேட்டூரில் நீர் திறக்கும் அறிவிப்போடு இதையும் கீழ்மாவட்டங்களுக்கு அனுப்பினால் நல்லது.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. வண்டல் அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே இணையவழியில் கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் ஆணை மே மாதக் கடைசியில் கைக்கு வந்தால், கோடை மழையில் ஏரிக்குள் லாரி புதையும், வயலிலும் கோடை உழவு முடிந்திருக்கும். ஏக்கருக்கு 75 கனமீட்டரைப் பரப்பினால் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான படலம்தான். உழவில் கலந்தால்தான் பலன், மேலே கிடந்தால் முதல் மழையில் ஓடையிலேயே திரும்பச் சேரும். மாசியிலேயே அனுமதி வழங்குங்கள். விண்ணப்பத்தில் சர்வே எண்ணோடு நிலத்தின் மண் வகை, போடப்போகும் பயிர் என்று இரண்டு கட்டங்களும், ஏரியின் பெயரோடு மதகு மட்டம், தோண்டும் எல்லை ஆழம் என்று இரண்டு கட்டங்களும் சேருங்கள். சோதனைக் குழி போடவும் புட்டி குலுக்கவும் ஆள் குறைவென்றால் எங்களிடம் ஆள் இருக்கிறது. நாளும் ஏரியும் சொன்னால் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
சேலம் மாவட்ட ஏரி, கால்வாய்ப் பாசன விவசாயிகளும்
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்களும்